கொதிகலன் அலுமாரிக்குள் முப்பத்தெட்டு

1

1988ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், தென்லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு மண்டபத்தின் கொதிகலன் அலுமாரிக்குள், இங்கிலாந்தின் மிகப் பெரிய பியர் நடுவர் என் நண்பன் கஸ்பரின் முன்னால் இரண்டு முழங்காலிலும் நின்று, கண்ணீர் தாடியில் வழிய, மன்னிப்புக் கேட்டார். பேரரசு தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஆங்கிலேயர் ஒரு தமிழனிடம் அளவு விஷயத்தில் பிழை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. கஸ்பரும் நம்புவதில்லை. அலுமாரிக்குள் நின்ற இரண்டு பேரில் அவன் ஒருவன் என்பது எனக்குச் சிறு இடைஞ்சல்தான். பத்து வருடமாக அவனுடைய வாக்குமூலம் ஒரே வரி: "அண்ணை, உள்ளுக்கை ஒண்டும் நடக்கேல்லை."

நான் வெளியே நின்றவன். ஆகவே இதை எழுதும் தகுதி எனக்குத்தான் உண்டு. உள்ளே நின்றவனுக்கு நடந்தது தெரியும். தெரிந்தவனால் கதை எழுத முடியாது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன மாதம், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், கையில் மட்டன் றோலோடு, பக்கத்து ஆளிடம் சொன்னார்: "உவர்தானே வெள்ளைக்காரன்ரை காலிலை விழுந்த கஸ்பர்?" மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கஸ்பருக்குக் கேட்டது. அவன் இன்னொரு றோல் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி பெர்னடெற்றுக்கும் கேட்டது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளிர்க் கோட்டை எடுக்கப் போனாள்.

நான் ரயில்வேயில் ரிக்கற் விற்று ஓய்வு பெற்றவன். வெம்பிளி வீட்டில் எனக்கு ஒரு மேசை, அளவில்லாத நேரம், மகள் தான் வேலை செய்யும் கந்தோரிலிருந்து கொண்டுவந்து தந்த இரண்டு கட்டுக் கடதாசி எல்லாம் இருக்கின்றன. கஸ்பர் தன் பெயரைத் தானே காப்பாற்றமாட்டான் என்றால் நான் காப்பாற்றுவேன். உண்மையால் முடிந்தால் உண்மையால். இல்லாவிட்டால் என் வழியில்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"பனி கொட்டிக்கொண்டிருந்தது. கஸ்பர் யன்னலோரம் நின்று தான் விட்டு வந்த மண்ணை நினைத்து"

(இதற்கு மேல் போகவில்லை. அன்றைக்குப் பனி கொட்டவில்லை. கஸ்பர் நினைத்துக்கொண்டிருந்தது பியர் காய்ச்சும் தன் வாளியை.)

இரண்டாவது தொடக்கம்:

"வாளி."

(மிக நவீனமாக இருந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சொல் வரவில்லை.)

மூன்றாவது, பாடப்புத்தகம் போல. இதை விட்டு வைக்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும்:

பியர் பிறக்கும்போது பியர் அல்ல. முளைகட்டிய பார்லியின் இனிப்புத் தண்ணீர். அதில் ஈஸ்ட் போட்டால் அது இனிப்பைத் தின்று வெறியாக மாற்றும். எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவு வெறி. ஆகவே ஈஸ்ட் போடுவதற்கு முன்பே, அந்த இனிப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று அளந்து எழுதிவைக்கவேண்டும். அதன் பெயர் தொடக்க அடர்த்தி. வெறும் தண்ணீர் ஆயிரம் என்றால், லைட் ஏல் என்ற மென்மையான பியர் ஆயிரத்து முப்பத்தெட்டு. பழகியவர்கள் ஆயிரத்தை விழுங்கிவிட்டு "முப்பத்தெட்டு" என்பார்கள். அளப்பதற்குக் கண்ணாடி மானி ஒன்று உண்டு: கீழே குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் எண்கள் அச்சிட்ட கடதாசிச் சுருள். மிதக்கவிட்டு, திரவத்தின் மட்டம் எந்த எண்ணில் நிற்கிறதென்று பார்க்கவேண்டும். ஈஸ்ட் தின்னத் தொடங்கிவிட்டால் பிறகு அளந்து பயனில்லை. ஒரே ஒரு சந்தர்ப்பம்.

(ஒரு கதையின் தொடக்கமும் அப்படித்தானே என்று இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். மறுபடி வாசித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.)

3

இதை ஏன் கஸ்பர் அளந்தான், நான் அளக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை அளந்தேன்.

மோல்ற் என்ற பார்லிப் பாகை வாளிக்குள் ஊற்றினேன். மேலே தண்ணீர் விட்டேன். கலக்கவில்லை. பாகு முழுவதும் அடியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டது. மேலால் ஒரு கிளாஸ் அள்ளி அளந்தேன். பன்னிரண்டு. இதென்ன பத்தியத் தண்ணீர் என்று இரண்டு கிலோ சீனி கொட்டினேன். அந்தப் பியரைத்தான் என் புது வீடு குடிபூருதலுக்குப் பரிமாறினேன். வந்தவர்கள் பதினேழு பேர். பதினாறு பேர் வந்த இடத்திலேயே படுத்துவிட்டார்கள். பதினேழாவது ஆள் ஐயர். அவர் தொடவில்லை, மணம் பட்டதோடு சரி. ஒரே மந்திரத்தை மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை ராகத்தோடு.

அதன் பிறகு வாளி ஸ்ட்ரெதத்துக்கு, கஸ்பரின் கவுன்சில் பிளாற்றுக்குப் போனது.

கஸ்பர் ஊரில் நகரசபையின் பால் பரிசோதகருக்கு உதவியாளன். சைக்கிளில் வரும் பால்காரர்களைச் சந்தியில் மறித்து, பால்மானியை மிதக்கவிடுவான். தண்ணீர் கலந்த பாலில் மானி தாழும். கஸ்பர் எண்ணைச் சொல்வான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டான். அவன் சொன்ன எண்ணை மறுத்த பால்காரர் இல்லை. ஒருநாள் பிடிபட்டவர் பெர்னடெற்றின் தகப்பன். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கஸ்பர் குனிந்து பார்த்து, "இருபத்திரண்டு" என்றான். நல்ல பால் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்காது. வருங்கால மாமனார் தண்டம் கட்டினார். கல்யாணம் அதற்குப் பிறகும் நடந்தது. "என்ரை அப்பாவுக்கே பொய் சொல்லாத மனுசன்" என்று பெர்னடெற் இன்றைக்கும் சொல்வாள். புகழ்ச்சியா புகாரா என்று நான் கேட்டதில்லை.

எண்பத்தைந்தில் அவன் லண்டனுக்கு வந்தபோது பால்மானி ஒரு காலுறைக்குள் இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். பாலுக்குள் இருக்கும் தண்ணீரைப் பிடிப்பது என்றான் கஸ்பர். அதிகாரி சற்று யோசித்து, தொழில் என்ற கட்டத்தில் "பால்" என்று எழுதினார்.

அந்த மானியின் தண்டில் நுணுக்கி இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று, லண்டன். மற்றது, 84 பாகை பரனைற். சூடேறினால் எந்தத் திரவமும் விரிந்து இலேசாகும். ஆகவே ஒவ்வொரு மானியும் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் சரியாகச் சொல்லும். இது வெயில் தேசங்களுக்கென்று லண்டனில் செய்து கப்பலேற்றிய சாமான். இப்போது பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பி வந்து, பிறந்த ஊரின் குளிரில் மூன்று கூட்டிக் காட்டியது.

பிரித்தானியாவில் எண்பத்துநாலு பாகை எங்கே கிடைக்கும்? கஸ்பர் கண்டுபிடித்தான். ஆங்கிலேயர்கள் வீட்டுக்குள் சுடுதண்ணீர்த் தாங்கியை ஓர் அலுமாரிக்குள் வைத்து, அந்தச் சூட்டில் துணி உலர்த்துவார்கள். அந்த அலுமாரிக்குள் கஸ்பர் புகுந்து, கதவைச் சாத்தி, ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு அளப்பான். நன்றாகக் கலக்கிய பிறகு எடுத்த இனிப்புத் தண்ணீர், உயரமான கண்ணாடிக் குழாயில். மானியை விரலால் ஒரு சுழற்று. ஒட்டியிருக்கும் குமிழிகள் கழன்றுபோகும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொள்வான். கண் மட்டத்துக்கு நேரே. பதினொரு நிமிடம் மூச்சை விடமாட்டான். (சரி, ஒரு நிமிடம்.)

"இஞ்சேருங்கோ, எவ்வளவு நேரம் உள்ளுக்கை? எனக்குத் துவாய் வேணும்," என்பாள் பெர்னடெற், கதவுக்கு வெளியே, தலை சொட்டச் சொட்ட.

"திறவாதையும்! சூடு போயிடும்."

"அப்ப துவாயை எண்டாலும் நீட்டுங்கோ."

"அசையேலாது. மானி நிக்குது."

"நானும்தான் நிக்கிறன்!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் கட்டிக்கொண்டு போகும் சேலையில் மோல்ற் மணக்கும். ஆனால் கஸ்பர் போத்தலில் எழுதி ஒட்டிய எண்ணை நம்பி நீங்கள் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் கௌரவமாக வீடு போகலாம். நான் சாட்சி.

4

இனி நடுவர் வரவேண்டும். இவர் எனக்குச் சரியாக வந்து அமையவில்லை. முதல் வரைவில் உயரமான கொடியவர். இரண்டாவதில் குள்ளமான கொடியவர். தாடி வைத்துப் பார்த்தேன், முதல் பந்தியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். உண்மையில் மிஸ்டர் பெறிமனுக்குத் தாடி இல்லை, கொடுமையும் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, எப்போதும் சுத்தமான நகம். ஸ்ட்ரெதம் வீட்டுப் பியர்க் கழகத்துக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் நடுவர்.

கழகத்தில் அவரைத் தவிரப் பதினேழு ஆங்கிலேயர்கள். (முதல் வரைவில் நானூறு.) பியர்ச் சாமான் விற்கும் கடையின் கண்ணாடியில் விளம்பரத்தைப் பார்த்து, வருடாந்தப் போட்டிக்கு எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொடுத்தவன் நான். லைட் ஏல் பிரிவில் தொடக்க அடர்த்தி நாற்பதைத் தாண்டக்கூடாது. எண்ணைப் போத்தலில் எழுதவேண்டும். அதோடு, ஈஸ்ட் போடுமுன் எடுத்த இனிப்புத் தண்ணீரில் ஒரு சின்னப் போத்தலை மூடிக் கொண்டுவரவேண்டும். நடுவர் எல்லோர் முன்னாலும் அளந்து பார்ப்பார். ஒருவரை ஒருவர் மிகவும் மதிக்கும் கனவான்கள். யாரும் யாரையும் நம்புவதில்லை.

பெறிமன் தன் மானியைக் கோட்டின் மேற்பையில் தலைகீழாகக் குத்தி வைத்திருப்பார். குண்டு மேலே, தண்டு கீழே. பதினைந்து வருடமாக அதே மானி, அதே பை.

போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் கழகச் செயலாளர் எங்களைத் தனியே கூப்பிட்டு ஓர் இரகசியம் சொன்னார். பெறிமனின் மானி எப்போதும் மற்றவர்களுடையதைவிட நாலு கூடுதலாகக் காட்டும். ஆகவே கழகத்தில் எல்லோரும் தங்கள் எண்ணோடு நாலு கூட்டித்தான் போத்தலில் எழுதுவார்கள். அதற்குப் "பெறிமன் திருத்தம்" என்று பெயர். பதினேழு மானிகள் ஒரு பக்கம், ஒரு மானி மறுபக்கம். பதினேழும் பிழை என்று பதினேழு பேரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டாமல் இருக்க முப்பத்தாறில் காய்ச்சி, நாற்பது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் கஸ்பருக்கு மொழிபெயர்த்தேன்.

"ஏன் கூட்டவேணும்?" என்றான்.

"எல்லாரும் கூட்டுகினமாம்."

"பால்காரரும் அப்பிடித்தான் சொன்னவங்கள், அண்ணை. எல்லாரும் கலக்கினம் எண்டு."

அலுமாரிக்குள் போய் அளந்தான். முப்பத்தெட்டு. போத்தலில் முப்பத்தெட்டு என்று எழுதி ஒட்டினான்.

5

மார்ச் மாத மண்டபம். வசந்தம் வந்துவிட்டது என்ற கொள்கைப்படி வெப்பமூட்டியை நிறுத்தியிருந்தார்கள். கொதிகலன் தேநீர்த் தண்ணீருக்காக மட்டும் தன் அலுமாரிக்குள் எரிந்துகொண்டிருந்தது. பெறிமன் எங்கள் சின்னப் போத்தலைத் திறந்து குழாயில் ஊற்றி, மேற்பையிலிருந்து மானியை உருவி மிதக்கவிட்டார்.

"நாற்பத்திரண்டு."

பெறிமன் எங்கள் போத்தலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கவனக்குறைவாக இருக்கக்கூடும் என்றார். கவனக்குறைவு என்று ஓர் ஆங்கிலேயர் மெதுவாகச் சொன்னால், கள்ளன் என்று சத்தம் போட்டுச் சொல்கிறார் என்று அர்த்தம்.

கஸ்பர் காலுறையிலிருந்து பால்மானியை எடுத்தான். அதே குழாயில் விட்டான். விரலால் சுழற்றினான். மூச்சைப் பிடித்தான். நான் குனிந்து பார்த்தேன்.

நாற்பத்தொன்று.

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அவனுடைய கருவியே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அந்த மண்டபம் முழுக்க நினைத்தது. நானும் ஒரு கணம் நினைத்தேன். (இந்த வரியை மூன்று தடவை வெட்டினேன். மூன்று தடவையும் திரும்பச் சேர்த்தேன்.)

"கஸ்பர், விடு," என்றேன். "நாலு கூட்டி எழுதிக் குடுத்து, விலக்கினா விலக்கட்டும் எண்டு போட்டுப் போவம்."

"கூட்டினாலும் பொய்யன், கூட்டாட்டியும் பொய்யன், அண்ணை. அப்ப கூட்டாத பொய்யனா இருப்பம்." பிறகு பெறிமனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மானியைச் சுட்டிக்காட்டிச் சொன்னான்: இதற்குக் குளிருகிறது. எண்பத்துநாலு வேண்டும்.

வேண்டுமானால் மானிக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுக்கலாமே என்றார் செயலாளர். சிரிப்பு பலமாக எழுந்தது. கஸ்பருக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை அவன் கணக்கெடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தான். கொதிகலன் அலுமாரிக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தான். திரும்பி வந்து குழாயை எடுத்தான். தேநீர் மேசையிலிருந்து ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரையும் எடுத்தான். கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கம், சேர்."

பெறிமன் போனார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். அந்த மண்டபத்தில் வேறு யாரும் போயிருக்கமாட்டார்கள். மேசையிலிருந்த வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் மானியை மேற்பையில் திரும்பக் குத்திக்கொண்டு, தோளைச் சரித்து உள்ளே நுழைந்தார். கதவு சாத்தப்பட்டது.

6

இருபது நிமிடம்.

என் காது கதவில். ஓர் இருமல் கேட்டது. கண்ணாடியில் கண்ணாடி படும் சத்தம். பிறகு ஒரு குரல், யாருடையது, என்ன சொன்னது

(தெரியாது. இந்த வசனத்தை முடிக்க என்னால் முடியவில்லை.)

கதவு திறந்தது. இருவரும் குளித்தவர்கள் போல வியர்வையில். பெறிமனின் முகம் சுண்ணாம்பு நிறம். மேசைக்குப் போய்த் தாளில் ஏதோ அடித்து எழுதினார். "முப்பத்தெட்டு. போட்டியில் இருக்கிறது," என்றார். கஸ்பர் வெறும் கிளாஸைத் தேநீர் மேசையில் திருப்பி வைத்தான். எங்கள் பியருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. (தங்கக் கிண்ணம் என்று முன்பு சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மன்னிக்கவேண்டும்.)

அடுத்த மாதம் பெறிமனின் கையில் புது மானி. நாலு கூட்டும் வழக்கம் இனித் தேவையில்லை என்று ஒரு சிறு அறிவித்தல். காரணம் இல்லை. காரணம் கேட்பது அநாகரிகம் என்பதால் பதினேழு பேரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன், என்னிடமே. அந்தக் கிளாஸ் தண்ணீர் எதற்கு? வெறும் தண்ணீரில் எந்த மானியும் ஆயிரம் காட்டவேண்டும். அலுமாரிச் சூட்டில் பெறிமனுடையது ஆயிரத்துக்குச் சற்றுக் கீழேகூட இறங்கவேண்டும். அது மேலே நின்றிருந்தால்? பதினைந்து வருடம் தலைகீழாகப் பையில் கிடந்த மானிக்குள் கடதாசிச் சுருள் மெல்ல மெல்ல நழுவியிருந்தால்? கணித ஆசிரியர் ஒருநாள்கூட அதை வெறும் தண்ணீரில் விட்டுப் பார்க்கவில்லை. கஸ்பர் ஒவ்வொரு காலையும் பால்மானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்த பிறகுதான் சந்திக்குப் போவான்.

ஆனால் மண்டபத்தில் நின்றவர்கள் கண்டது வேறு. கறுத்த மனிதன் நடுவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். வெளியே வந்தபோது நடுவர் தீர்ப்பை மாற்றினார். அப்படியென்றால் உள்ளே கெஞ்சியிருக்கிறான். செயலாளரின் மனைவி இதைத் தெருமுனைக் கடைக்காரரிடம் சொன்னாள். கடைக்காரர் நம் ஆள், தமிழர். வெம்பிளிக்கு வந்து சேரும்போது கஸ்பர் காலில் விழுந்திருந்தான். ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய்ச் சேரும்போது காலைப் பிடித்தபடி அழுதான்.

பெர்னடெற் கேட்டபோது நானும் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்தேன்.

"நீங்கள் விழுந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அந்தாள் ஏன் மாத்தினவர்?"

"அளந்து பாத்தவர். மாத்தினவர்."

"உள்ளுக்கை என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"என்ரை அப்பாவுக்கு முகத்துக்கு நேரை எண் சொன்ன மனுசன்," என்றாள் என்னைப் பார்த்து. "எனக்கு ஒரு வசனம் சொல்லமாட்டாராம்."

அவள் வாளியை எறியவில்லை. தோய்க்கிற துணியை அதற்குள் ஊறப்போட்டாள். அதற்குப் பிறகு கஸ்பர் காய்ச்சவில்லை. பால்மானி காலுறைக்குள் போனது. அலுமாரிக்குள் துவாய் மட்டும்தான்.

7

வாசகரே, இங்கே உங்கள் உதவி வேண்டும். மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ. அலுமாரிக்குள் நூற்றிருபது பாகை. இரண்டு மணித்தியாலம். தண்ணீரில் தன் மானி பொய் சொல்வதைக் கண்ட பெறிமன் இரண்டு முழங்காலிலும் விழுகிறார். தாடி நனைகிறது. "என்னை மன்னித்துவிடுங்கள், ஐயா!" கஸ்பர் அவரைத் தோளில் தொட்டு எழுப்புகிறான். (எனக்கு மிகவும் பிடித்தது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கே கண் கலங்குகிறது.)

ஆ. கஸ்பர் காலில் விழுகிறான். (ஊர் எழுதிய முடிவு. இதை எடுப்பவர்கள் இனி என்னோடு கதைக்கவேண்டாம்.)

இ. இரண்டு பேர் உள்ளே போனார்கள், ஓர் எண்ணைப் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. (கஸ்பருடைய முடிவு. இதற்காக யாராவது பத்துப் பக்கம் வாசிப்பார்களா?)

எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எழுதியவனின் வேலை இத்தோடு

8

முடியவில்லை. மேலே உள்ளதைப் படியெடுத்துத் தபாலில் கஸ்பருக்கு அனுப்பியிருந்தேன். ஏன் அனுப்பினேன் என்று பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிழையான எண்ணைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க ஏலாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் முடிவு அ-வில் ஓர் எண்ணைக்கூடச் சரியாக விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, தொலைபேசி அடித்தது.

"அண்ணை, உதென்ன எழுதி வைச்சிருக்கிறியள்?"

"வாசிச்சனியோ?"

"ரெண்டுதரம். முழுக்கப் பிழை. நூற்றிருபது பாகையாம். எண்பத்துநாலு."

"மாத்திறன்."

"ரெண்டு மணித்தியாலம் நிண்டா ஆள் செத்துப்போவான். இருபது நிமிஷம்."

"மாத்திறன்."

"அந்தாளுக்குத் தாடி எங்கை இருந்தது?"

"அது சும்மா ஒரு வடிவுக்கு."

"அந்தாள் அழவும் இல்லை."

"முழங்காலிலையும் நிக்கேல்லை எண்டு சொல்லு, அதையும் வெட்டிவிடுறன்."

"எப்பிடி நிக்கிறது? பொயிலருக்கும் கதவுக்கும் இடையிலை ஒரு அடி இல்லை. குனியக்கூட ஏலாது. அந்தாள் நிண்டபடிதான்"

நிறுத்திவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் பேசாமல் இருந்தேன்.

அவனுக்குப் பின்னால் பெர்னடெற்றின் குரல். "நிண்டபடி என்ன?"

அவள் செருப்புச் சத்தம் தொலைபேசிக்குக் கிட்ட வந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களைத்தான். நிண்டபடி என்ன செய்தவர்?"

"அவற்றை மானி தண்ணியிலை நாலு கூடக் காட்டினது," என்றான் கஸ்பர். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னான். "அதையே பாத்துக்கொண்டு நிண்டவர். பதினைஞ்சு வருசமா எத்தினை பேரை விலக்கினவர், எல்லாம் பிழை. கதவுக்கு வெளியிலை அவ்வளவு சனம். நான் என்னத்தைப் போய்ச் சொல்லுறது?"

"பத்து வருசமா எனக்கும் சொல்லேல்லையே?"

"உமக்குச் சொன்னா கோயில் சனம் எல்லாத்துக்கும் சொன்ன மாதிரி."

"சனம் உங்களைக் காலிலை விழுந்தவர் எண்டுது!"

"அந்தாள் என்னை விழச்சொல்லேல்லை. நான் விழவும் இல்லை. எனக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாதே!"

குசினியில் ஏதோ பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். தொலைபேசியில் எனக்குக் கேட்குமோ என்று யோசிக்காத குரல்.

"அப்ப, அந்த மனுசன் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டவரோ, இல்லையோ?"

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"ஓம்," என்றான் கஸ்பர். "கேட்டவர். ரெண்டுதரம்."